நீலிக்குக் கொடுத்த குரல்

பிப்ரவரி 3

சிட்டு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்திருப்பாய். வீட்டை விட்டுப் போன அன்று வாசலில் நின்று நீதான் சொன்னாய், "இனிமே என்கிட்ட ஏதாவது சொல்லணும்னா எழுதிக் கொடு, அதானே உனக்குப் பழக்கம்" என்று. நான் கேட்காமல் அந்த மாதமே இரண்டு முறை ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை. சரி, மகாராணி உத்தரவு என்று எழுத உட்கார்ந்தால் ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. எழுதியதைப் பேசித்தான் எனக்குப் பழக்கம். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

நான் நன்றாக இருக்கிறேன். தலைக்கு மேல் வேலை. கார்ட்டூன் தொடர் முடியப் போகிறது, நான் குரல் கொடுக்கிற நீலிக்கு இது கடைசி சீசன். ஐந்து பள்ளிக்கூடத்துப் பெண்கள் மலை மாதிரி ஐந்து இரும்பு இயந்திரங்களில் ஏறிக்கொண்டு வானத்திலிருந்து வருகிறவர்களோடு மல்லுக்கட்ட ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. நான் சேர்ந்தபோது என் தலையில் ஒரு நரை கிடையாது. நீலிக்கு அன்றும் பதினைந்து வயது, இன்றும் பதினைந்து. அவள் சீருடையோடு அந்த நீல இயந்திரத்தின் நெஞ்சுக்குள் தாவி ஏறுவாள், நான் இங்கே முட்டி வலியோடு மைக் முன்னால் நின்று கத்துவேன். வேற்றுக்கிரகத்துக்காரர்கள் பாடுதான் சுகம். அவர்களுக்குக் குரல் கொடுக்க ஆளே கிடையாது. சவுண்டு அண்ணன் ஏதோ ஒரு கருவியில் போட்டு இரைய விடுவார், வேலை முடிந்தது.

இவ்வளவும் கதையளப்பு. விஷயம் இதுதான். உன்னோடு கொஞ்சம் பேச வேண்டும். நேரில். இந்த மாதம் முடிவதற்குள் ஒரு நாள் வந்துவிட்டுப் போ. சனிக்கிழமை பஸ் ஏறினால் ஞாயிறு திரும்பிவிடலாம். உன் மேஜை மேல் ஸ்கிரிப்ட் கட்டுகளை வைத்திருந்தேன், எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். படுக்கைக்கு வேறு விரிப்பு போட்டிருக்கிறேன்.

அம்மா

*

பிப்ரவரி 11

அம்மா,

கடிதம் வந்தது. என் அறைத்தோழி அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தக் காலத்துல யாருடி உனக்கு லெட்டர் போடறது, காதலா?" என்று கேட்டாள். இல்லை, எங்கம்மா என்றேன். அவளுக்கு ஏமாற்றம்.

வேலை பரவாயில்லை. வாஷிங் மெஷின் ஓடாதவர்கள், ஓடி நிற்காதவர்கள், தண்ணீர் கசிந்து கீழ்வீட்டுக்காரரோடு சண்டை போட்டவர்கள் எல்லாரும் எனக்குத்தான் ஃபோன் செய்கிறார்கள். திட்டினாலும் பதில் பேசக்கூடாது. லைனில் ஆள் பேச்சு இல்லாமல் வெறும் இரைச்சல் கேட்டால் மட்டும் வைத்துவிடலாம். அது ஒன்றுதான் எங்களுக்கு இருக்கிற சுதந்திரம். சில பேர் பாதிப் பேச்சில் நிறுத்தி, "உங்க குரலை எங்கயோ கேட்டிருக்கேனே" என்கிறார்கள். எங்கே என்று நான் சொல்வதில்லை.

வரச் சொல்லியிருக்கிறாய். நேரில் பேச வேண்டுமாம். சிரிப்பு வந்தது. உன்னோடு ஒரே வீட்டில் இருந்தபோது எத்தனை நாள் பேசினோம் அம்மா? சண்டைக்காட்சி வருகிற வாரம் என்றால் வாயைக் கட்டிக்கொள்வாய். குரலைச் சேர்த்து வைக்க வேண்டும், ஒரு சொட்டு சிந்தக்கூடாது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஃப்ரிட்ஜ் கதவில் துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கும். 'பிரெட் உள்ளே இருக்கு.' 'யூனிஃபார்ம் காயவில்லை.' நீ சோபாவில் உட்கார்ந்து கையை ஆட்டுவாய். அப்பா இருந்திருந்தால் அவரோடாவது பேசியிருப்பேன்.

பரீட்சையில் தவறிப்போய் நான் வந்த சாயங்காலம் நினைவிருக்கிறதா? சமையலறை வாசலில் நின்று அழுதேன். நீ எழுந்து வந்து என் தலையைத் தடவிவிட்டு, சீட்டில் எழுதிக் காட்டினாய், 'நாளைக்குப் பேசலாம்.' மறுநாள் நான் எழுவதற்குள் ஸ்டுடியோவுக்குப் போய்விட்டாய். அப்புறம் அந்த வாரம் டிவியில் பார்த்தேன். நீலியின் தோழி செம்பி பைலட் தேர்வில் தோற்று மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். நீலி பக்கத்தில் போய் உட்கார்ந்து சொல்கிறாள், "தோத்தா என்ன இப்போ? நீ இருக்கியே, எனக்கு அது போதும்." உன் குரலில். நான் கேட்க நினைத்த அதே வார்த்தை, வார்த்தை மாறாமல். சிவப்பு இயந்திரம் ஓட்டுகிற ஒரு பொம்மைப் பெண்ணுக்குச் சொல்கிறாய். அன்றைக்குத்தான் பெட்டியை எடுத்தேன், உனக்குத் தெரியுமோ தெரியாதோ.

இங்கேயும் சனிக்கிழமை எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள். என்னாலும் எழுந்து போக முடியவில்லை. இந்த சீசனில் நீலிக்குத் தொண்டை கட்டிப்போன மாதிரி ஒரு கரகரப்பு கொண்டுவந்திருக்கிறாய். அறைத்தோழி அழுதேவிட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. அவளுக்காக இவ்வளவு உருகத் தெரிந்தவள்தானே நீ என்று.

என்ன சொல்ல வேண்டுமோ எழுது. படிக்கிறேன்.

சிட்டு

*

பிப்ரவரி 16

சிட்டு,

நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து இன்னொரு முறை படித்தேன்.

பொம்மைப் பெண் என்று நீ சொல்கிறவள்தான் உன் பள்ளிக்கூட பஸ்ஸுக்குப் பணம் கட்டினாள். அது போகட்டும். செம்பி தேர்வில் தோற்ற காட்சிக்கு வசனக்காரர் எழுதியிருந்தது அது இல்லை. 'அடுத்த முறை பார்த்துக்கலாம், வா' என்று எழுதியிருந்தார். நான்தான் மைக் முன்னால் நின்றவுடன் மாற்றிப் பேசினேன். உதடு பொருந்துகிறதே என்று அவரும் விட்டுவிட்டார். நீ சமையலறை வாசலில் நின்று அழுததற்கு மறுநாள் காலை அது. நான் அதை யாரிடம் சொன்னேன் என்று நினைக்கிறாய்? ராத்திரி வீட்டுக்கு வந்தபோது எனக்குக் குரல் சுத்தமாகச் செத்துவிட்டது. நீ கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாய்.

எழுதினால் போதும் என்கிறாய். இது எழுதுகிற விஷயம் இல்லை. பேசுகிற விஷயம்.

ஸ்டுடியோவில் எல்லாருக்கும் என் மேல் வருத்தம். கடைசிப் பாகம் மட்டும் பாக்கி. நீ சின்ன வயதில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய், மறந்திருக்க மாட்டாய். முதலில் மூச்சை மட்டும் தனியாகப் பதிவு செய்வோம். ஓடும்போது இரைக்கிற மூச்சு, அடி விழும்போது வருகிற முக்கல், எச்சில் விழுங்குவது, சிரிப்பு வருவதற்கு முன் மூக்கில் வருகிற சின்னக் காற்று. வசனம் அப்புறம். கூச்சல் எல்லாவற்றுக்கும் பிறகு. நான் போய் மூச்சை மட்டும் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். மூச்சுக்குக் குரல் செலவாகாது. வசனம் பேசச் சொன்னபோது இப்போது முடியாது என்றேன். வசனக்காரர் முகம் தொங்கிப் போனது. "நாலு பக்கந்தானே, ஒரு மணி நேர வேலை" என்று சவுண்டு அண்ணன் கெஞ்சினார். அந்த ஒரு மணி நேரக் குரல் எனக்கு வேறு இடத்தில் வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து யாரோடும் பேசவில்லை. கடைக்காரரிடம் கையைக் காட்டி வாங்குகிறேன். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு என் மேல் ஏதோ மனத்தாங்கல் போல, அவர்களும் கையை ஆட்டுகிறார்கள். இந்த முறை வாயைக் கட்டியிருப்பது நீலிக்காக இல்லை.

ஒரு நாள் போதும் சிட்டு. மாதக் கடைசிக்குள் வா.

அம்மா

*

பிப்ரவரி 22

அம்மா,

நீ மாற்றிப் பேசியதை ஊரே கேட்டது. பக்கத்து அறையில் இருந்த எனக்கு மட்டும்தான் வந்து சேரவில்லை. கதவு சாத்தியிருந்தால் தட்டலாம். தட்டுவதற்குக் குரல் வேண்டாம்.

இந்த மாதம் லீவு கிடையாது. இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள், அவர்கள் ஃபோனும் என் தலையில். நாள் முழுக்கப் பேசிவிட்டு அறைக்கு வந்தால் ஒரு வார்த்தை பேசப் பிடிக்கவில்லை. அறைத்தோழி ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுகிறேன். "உனக்கு என் மேல என்ன கோபம்?" என்று நேற்று அவள் கேட்டாள். கோபம் இல்லை, அலுப்பு என்றேன். சொன்ன பிறகு உன் ஞாபகம் வந்தது. அதற்காகச் சமாதானம் ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

அடுத்த மாதம் பார்க்கலாம்.

சிட்டு

*

மார்ச் 14

சிட்டு,

அடுத்த மாதம் வந்துவிட்டது. நான் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். பயப்படாதே, எழுதுகிற அளவுக்குத் தெம்பாகத்தான் இருக்கிறேன். நர்ஸ் கொடுத்த அட்டையை மடியில் வைத்து எழுதுவதால் கோடு கோணலாகப் போகிறது.

தொண்டையில் கட்டி. நல்ல கட்டி இல்லை. குரல்பெட்டியோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை போட்டிருக்கிறார்கள், இனி மூச்சு அந்த வழியாகத்தான். மூக்கும் வாயும் சும்மா அலங்காரத்துக்கு. உயிருக்கு ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம் என்று டாக்டர் சொல்கிறார். எல்லாவற்றையும் எடுத்தது எனக்கே தெரிகிறது.

முதல் தடவை காட்டப் போனபோதே, எப்படிக் கவனிக்காமல் விட்டீர்கள் என்று அவர் கேட்டார். என்ன சொல்வது? கரகரப்பு வந்தபோது கத்திக் கத்தி வந்தது என்று நினைத்தேன். ஸ்டுடியோவில் கேட்டுவிட்டு எல்லாரும் கை தட்டினார்கள். "நீலிக்கு இப்பதான் போர்ல அடிபட்ட குரல் வந்திருக்கு, இதை விட்றாதீங்க" என்றார் வசனக்காரர். நானும் விடவில்லை. சரியாகிவிடப் போகிறதே என்று வெந்நீர் குடிப்பதைக்கூட நிறுத்தினேன். எத்தனை மாதமாக இப்படி என்று டாக்டர் கேட்டபோது எனக்கு மாதம் சொல்லத் தெரியவில்லை. அஞ்சாவது கோட்டை விழுந்ததிலிருந்து என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பாவம், அவர் டிவி பார்ப்பதில்லை போல.

வார்டில் ஜன்னல் பக்கத்துக் கட்டில் எனக்கு. சாப்பாடு குழாய் வழியாக. பக்கத்து வீட்டு அம்மா தினம் வந்து போகிறார்கள்.

அம்மா

*

மார்ச் 24

அம்மா,

உன் பக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ பேச வேண்டும் என்று வந்தேன், உன் கழுத்தில் போட்டிருந்த கட்டைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோனது. நீ சிலேட்டில் எழுதிக் காட்டுகிறாய், நான் தலையை ஆட்டுகிறேன். கடைசி நாள் அந்த நர்ஸ் என்னிடம் ஜாடையிலேயே மாத்திரை வேளையைச் சொன்னார். நானும் ஊமை என்று நினைத்துவிட்டார். நீ சிரித்தாய். சிரிப்பில் சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. அதைப் பார்த்துவிட்டு வராந்தாவுக்கு எழுந்து போனேனே, தண்ணீர் குடிக்கப் போகவில்லை.

இப்போது எழுதுகிறேன், எழுத்தில்தான் எனக்கு உன்னோடு சண்டை போட வருகிறது. ஏன் சொல்லவில்லை? உடம்பு சரியில்லை என்று ஒரே ஒரு வரி. அடுத்த பஸ்ஸில் வந்திருப்பேன். லீவு தராவிட்டால் வேலையை விட்டுவிட்டு வந்திருப்பேன். வேண்டுமென்றே மறைத்தாயா? என்னைத் தண்டிக்க வேண்டும் என்று நினைத்தால் நன்றாகத் தண்டித்துவிட்டாய். கரகரப்பைக் கேட்டு எரிச்சல் என்று எழுதினேனே, அதை நினைத்தால் கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அறைத்தோழி அழுத இடத்தில் நான் அழுதிருக்க வேண்டும், அவளுக்குத் தெரியாமலே சரியான காரியத்துக்கு அழுதிருக்கிறாள்.

நான் கிளம்பும்போது நீ சிலேட்டில் எழுதினாய், 'என் குரலுக்கென்ன குறைச்சல், ஆறு வருட நீலி இருக்கிறதே, கேட்டுக்கொள்.' இல்லை அம்மா. அது உன் குரல் இல்லை. பதினைந்து வயதுப் பெண்ணின் குரல். காலையில் சமையலறையிலிருந்து "சிட்டூ" என்று இழுப்பாயே, கோபம் வந்தால் கடைசி எழுத்தை வெட்டுவாயே, அது எந்தப் பாகத்தில் இருக்கிறது? என் ஃபோனில் தேடினேன். நீதான் வாய்ஸ் மெசேஜ் எதுவும் அனுப்புவதில்லையே, குரலைச் சேர்த்து வைக்கிறவள். பழைய வீடியோ ஒன்றில் நான் கேக் வெட்டுகிறேன். நீ பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாய்.

ஒன்று மட்டும் எழுது. என்ன பேச வேண்டும் என்று கூப்பிட்டாய்?

சிட்டு

*

ஏப்ரல் 2

சிட்டு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். நடக்கிறேன், கஞ்சி குடிக்கிறேன். குளிக்கும்போது கழுத்தில் தண்ணீர் போகாமல் ஒரு மூடி கொடுத்திருக்கிறார்கள். உடம்பு பற்றி இவ்வளவு போதும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். சொன்னால் வந்திருப்பாய், எனக்குத் தெரியும். நோயாளியைப் பார்க்க வந்திருப்பாய். ஆரஞ்சுப் பையோடு வந்து, கோபத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, நல்ல பிள்ளையாக உட்கார்ந்துவிட்டுப் போயிருப்பாய். எனக்கு அது வேண்டாமாக இருந்தது. அம்மா கூப்பிட்டாள் என்பதற்காக நீ வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். உன்னைத் தண்டிக்க இல்லை, அசட்டு ஆசைதான். எனக்கு மட்டும் பிடிவாதம் இல்லையென்றால் உனக்கு எங்கிருந்து வந்திருக்கும்?

என்ன பேச வேண்டும் என்று கேட்டாய். பெரிதாக ஒன்றும் இல்லை. உன்னை எதிரே உட்கார வைத்து, சாயங்காலம் வரை சும்மா பேச வேண்டும் என்று இருந்தேன். வாஷிங் மெஷின்காரர்கள் கதை, உன் அப்பா என்னைப் பெண் பார்க்க வந்து செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போன கதை. நீ சண்டை போட்டால் நானும் சத்தமாகச் சண்டை போட வேண்டும் என்று. குரல் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும், குறைத்துப் பேசுங்கள் என்று டாக்டர் சொன்னார். அதனால் சேர்த்து வைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவை உனக்காகச் சேர்த்தேன். நீ அடுத்த மாதம் என்று எழுதினாய்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் காலையில் ஃபோனைக் கையில் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்து நீ எடுக்காமல் விட்டால், அதோடு ஆபரேஷன் அறைக்குள் போக முடியாது என்று தோன்றியது. வைத்துவிட்டேன். பெட்டியைக் கட்டி முடித்து, கேஸை மூடிவிட்டு, சமையலறையில் நின்று உன் அறையைப் பார்த்து "சிட்டூ" என்று ஒரு முறை கூப்பிட்டேன். நன்றாகவே வந்தது, கரகரப்புகூட அதிகம் இல்லை. பக்கத்து வீட்டு அம்மா ஓடி வந்து, "பொண்ணு வந்துட்டாளா?" என்று கேட்டார்கள். இல்லை என்று தலையை ஆட்டினேன். அதுதான் நான் கடைசியாகப் பேசியது. ஆயுசு முழுக்க மைக் முன்னால் நின்ற எனக்கு, அதைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று மட்டும் தோன்றவே இல்லை.

சவுண்டு அண்ணன் வந்திருந்தார். கடைசிப் பாகம் அப்படியே கிடக்கிறதாம். நான்கைந்து பெண்களை வைத்துப் பார்த்தார்களாம், யாரும் என் மூச்சோடு ஒட்டவில்லையாம். "உங்க பொண்ணு தொண்டையும் உங்க தொண்டையும் ஒண்ணுதானே" என்று இழுத்தார். வேண்டாம் என்று சிலேட்டு நிறைய எழுதினேன். என் மகளுக்கு வர வேண்டியதையெல்லாம் நீலி வாங்கிக்கொண்டாள், இனி அவளுக்கு என் மகள் எதற்குக் கொடுக்க வேண்டும்? அவர் உன்னைத் தேடிக்கொண்டு வந்தால் முடியாது என்று சொல்லிவிடு.

டாக்டர் ஒரு கருவியைப் பற்றிச் சொன்னார். டார்ச் மாதிரி இருக்கும். கழுத்தில் வைத்து வாயை அசைத்தால் பேச்சு வருமாம். ஒருவர் பேசிக் காட்டினார். சிட்டு, அச்சு அசல் நம் வேற்றுக்கிரகத்துக்காரன். ஆறு வருடம் அவர்களோடு சண்டை போட்டுவிட்டு இப்போது அந்தப் பக்கம் சேர எனக்கு மனம் வரவில்லை. வாங்கவில்லை.

அம்மா

*

ஏப்ரல் 27

அம்மா,

நீ சொன்னதைக் கேட்கவில்லை. எப்போது கேட்டிருக்கிறேன்?

சவுண்டு அண்ணன் தோளில் பையோடு என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஹெட்ஃபோனை நீட்டி, "இதை மட்டும் கேளும்மா, அப்புறம் நான் போயிடறேன்" என்றார். நீ கடைசியாகக் கொடுத்துவிட்டு வந்த மூச்சு.

வசனம் இல்லை, இசை இல்லை, குண்டு வெடிக்கிற சத்தம் இல்லை. நீ மூச்சு விடுகிறாய். படியேறும்போது எனக்குப் பின்னால் கேட்குமே, அது. நான் காய்ச்சலில் படுத்திருக்கும்போது பக்கத்தில் கேட்குமே, அது. எச்சில் விழுங்குகிறாய். ஓர் இடத்தில் சிரிக்கப்போய் அடக்கிக்கொள்கிறாய். அதில் நீலி இல்லை அம்மா. பதினைந்து வயதும் இல்லை. எங்கே தேடியும் கிடைக்காத நீ அதில் இருந்தாய். ஆபீஸ் வாசலில் வாட்ச்மேனுக்கு எதிரில் நின்று அழுதேன். அவர் எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

விளம்பரம் பதிவு செய்கிற சின்ன அறை ஒன்றை இங்கேயே வாடகைக்கு எடுத்தார்கள். சுவரில் முட்டை அட்டை மாதிரி பஞ்சு. ஒரு நாற்காலி, ஒரு மைக், ஒரு டிவி. காட்சி உனக்குத் தெரியும். மற்ற நான்கு பேரும் பூமிக்குத் திரும்பிவிட்டார்கள். நீலியின் இயந்திரத்துக்கு இரண்டு காலும் இல்லை. அவள் பேசினால் கீழே கேட்கும், கீழே பேசுவது அவளுக்குக் கேட்காது. அந்தப் பக்கத்து ரேடியோ போய்விட்டது. யாராவது இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியாமல் பேசிக்கொண்டே இருக்கிறாள்.

முதலில் எனக்கு வரவில்லை. நீ மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் போய் இடித்தேன். "அம்மா மூச்சு வாங்குற இடத்துல நீ பேசாத. அவங்க முடிக்கட்டும், அப்புறம் நீ எடு" என்றார் சவுண்டு அண்ணன். அதற்குப் பிறகு கேட்டுக் கேட்டுப் பேசினேன். நீ மூச்சை இழுப்பாய், நான் பேசுவேன். நான் நிறுத்துவேன், நீ விடுவாய். இவ்வளவு வருடத்தில் நாம் இரண்டு பேரும் இவ்வளவு நேரம் ஒழுங்காகப் பேசிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

ஓரிடத்தில் அழுதுவிட்டேன். நன்றாக இருக்கும், வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அவர் நிறுத்திவிட்டார். "நீலி இங்க அழலைம்மா. உதடு மூடியிருக்கு பாரு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அழாமல் பேசினேன். "எனக்கு உங்க குரல் கேக்கலை. நீங்க கேட்டுக்கிட்டிருக்கீங்கன்னு நினைச்சுத்தான் பேசறேன். நான் வரேன்." இதை வசனக்காரர் எழுதியிருக்கிறார், நான் மாற்றவில்லை.

கூச்சல் கடைசியில் எடுத்தார்கள். இரண்டு நாளாக எனக்கும் குரல் இல்லை. அறைத்தோழிக்கு நான் சீட்டு எழுதிக் காட்டுகிறேன். அவள் அதை வாங்கிப் படித்துவிட்டு எதிரே உட்கார்ந்து தன் பாட்டுக்குப் பேசுகிறாள். சின்ன வயதில் நானும் அப்படிச் செய்திருக்கலாம் என்று தோன்றியது.

ஒளிபரப்பு வருகிற சனிக்கிழமை. பார். அடுத்த வாரத்திலிருந்து ஞாயிறு காலை உனக்கு ஃபோன் செய்வேன். எடுத்துக் காதில் வைத்துக்கொள், போதும். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். ஆமாம் என்றால் விரலால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு.

சிட்டு

*

மே 6

சிட்டு,

பார்த்தேன். பக்கத்து வீட்டு அம்மாவும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். 'நான் வரேன்' என்ற இடத்தில் உதட்டைவிட நீ ஒரு நூல் முந்திவிட்டாய். மற்றபடி குறை சொல்வதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை, தேடினேன்.

முடிந்ததும் பக்கத்து வீட்டு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் நீங்களே பேசிட்டீங்களே, எப்படி?" என்றார்கள். அது என் மகள் என்று சிலேட்டில் எழுதினேன். அவர்கள் நம்பவில்லை. எனக்கே கொஞ்ச நேரம் குழப்பமாகத்தான் இருந்தது. என் மூச்சு எங்கே முடிகிறது, உன் குரல் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. என் கழுத்தில் ஒரு துளையோடு உட்கார்ந்துகொண்டு, மூக்கால் நான் விட்ட மூச்சை டிவியில் கேட்டேன். அழுகையாக வந்தது. அழுவதற்கும் இப்போது வேறு விதமாகப் பழக வேண்டியிருக்கிறது.

விரலால் தட்டுகிற ஏற்பாடு எனக்குச் சரிப்படாது. நான் ஆமாம், இல்லையோடு நிறுத்துகிறவளா? திங்கட்கிழமை போய் அந்தக் கருவியை வாங்கிவிட்டேன். கண்ணாடி முன்னால் நின்று பழகுகிறேன். முதல் நாள் எனக்கே பயமாக இருந்தது, பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஏற்றம் இறக்கம் எதுவும் வராது. கோபம், செல்லம் எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கும். இப்போதைக்கு ஒரு வார்த்தை பழகியிருக்கிறேன். காலையில் சமையலறையிலிருந்து கூப்பிடுவேனே, அது. இழுக்க மட்டும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பக்கத்திலேயே இருப்பேன். எடுத்ததும் உனக்கு ஏதோ இயந்திரம் இரைகிற மாதிரி கேட்கும். லைன் கோளாறு என்று உங்கள் ஆபீஸ் பழக்கத்தில் வைத்துவிடாதே. அது அம்மா.